கதவைத் தட்டிய இரவு

நுழையும்முன்

ஒருவர் வாழ்வின் திசையை நெடுங்காலச் சிந்தனை மாற்றுவதுண்டு; ஒரே இரவின் நிகழ்வு மாற்றுவதும் உண்டு. தமிழ்மண்ணில் பிறந்து, கடல் கடந்து கற்று, இம்மண்ணின் பெண்களுக்காகத் திரும்பி வந்த ஒருவரின் வாழ்வு இது. அவர் கட்டிய மருத்துவமனையைப் பலர் அறிவர். அதைக் கட்டத் தூண்டிய இறப்புகளையும், அதைக் காக்க அவர் விட்டுக்கொடுத்தவற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நெடுஞ்சாலையின் மறுமுனை

சென்னையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் திருப்பெரும்புதூரை அடைகிறது. இராமானுசர் பிறந்த ஊர் என்று பெயர்பெற்ற அவ்வூர், இன்று ஒரகடத்தோடு இணைந்து நாட்டின் பெரிய தொழில்வட்டாரங்களுள் ஒன்றாக விளங்குகிறது. மகிழுந்துகளும் கைப்பேசிகளும் அங்கே உருவாகின்றன. மின்னணுத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் முறைமாற்றி வேலை செய்கின்றனர். விடியற்காலையில் அவர்களை ஏற்றிச்செல்லும் பேருந்துகள் வரிசையாக நெடுஞ்சாலையில் விரைகின்றன.

அதே சாலையில் வேறொரு பயணமும் நாள்தோறும் நடைபெறுகிறது. மருத்துவ அறிக்கைகள் அடங்கிய பையை மடியில் வைத்துக்கொண்டு, நோயுற்ற தாயையோ குழந்தையையோ தோளில் சாய்த்துக்கொண்டு, மேற்கே செல்லும் பேருந்துகளில் பலர் அமர்ந்திருக்கின்றனர். காஞ்சிபுரத்தையும் வாலாசாப்பேட்டையையும் கடந்து, சென்னையிலிருந்து சற்றேறக்குறைய 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரில் அவர்கள் இறங்குகின்றனர். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் தொடர்வண்டியில் வருவோரும் அங்கேதான் இறங்குகின்றனர். அவர்கள் தேடிவரும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 1900ஆம் ஆண்டில் ஒற்றை அறையில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது. அதைத் தொடங்கியவர் ஐடா சோபியா ஸ்கடர் என்னும் பெண் மருத்துவர்.

மூன்று தலைமுறை

ஐடாவின் பாட்டனார் ஜான் ஸ்கடர், நியூயார்க் நகரில் மருத்துவராகத் தொழில் செய்தவர். 1819ஆம் ஆண்டு மனைவியோடு கப்பலேறி இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் தங்கி, மருத்துவமும் சமயப்பணியும் மேற்கொண்டார். அமெரிக்காவிலிருந்து மருத்துவப் பணிக்கென வெளிநாடு சென்ற சமயப் பணியாளருள் அவரே முதல்வர் என்பர். 1836இல் அவர் சென்னைக்கு இடம்பெயர்ந்தார். அவருடைய மக்களும் பேரப்பிள்ளைகளும் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் பரவி, ஆற்காட்டு வட்டாரத்தில் பள்ளிகளையும் மருந்தகங்களையும் நிறுவினர்.

அவர் மைந்தருள் ஒருவரும் ஜான் என்னும் பெயருடையவரே. அவரும் மருத்துவர். அவருக்கும் சோபியா அம்மையாருக்கும் 1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார். ஆண்பிள்ளைகள் நிறைந்த வீட்டில் அவர் ஒரே பெண்குழந்தை. வீட்டினுள் ஆங்கிலமும் வாயிற்படிக்கு வெளியே தமிழும் ஒலிக்க வளர்ந்தார்.

தெரிந்து தெளிவோம்
யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1848 முதல் உள்ளூர் இளைஞருக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். பின்னாளில் அப்பாடங்களைத் தமிழிலேயே நடத்தினார். ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கிக் கலைச்சொற்களும் உருவாக்கினார். தமிழில் அறிவியல் எழுதிய முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

தாது வருடப் பஞ்சம்

ஐடா ஆறு வயதைத் தொட்டபோது வானம் பொய்த்தது. 1876இல் தொடங்கி 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய அக்கொடும்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் பெயரிட்டு அழைத்தனர். ஏரிகள் வறண்டன, கால்நடைகள் மடிந்தன. மழையின்மை ஒன்றே அத்துயருக்குக் காரணமன்று. விளைச்சல் குன்றிய காலத்திலும் தானியம் ஏற்றுமதியாயிற்று. விலை ஏழையர் கைக்கு எட்டாமல் ஏறிற்று. அரசு அமைத்த நிவாரணப் பணிகளில் மண்வெட்டிய கூலியாள் ஒருவருக்கு, ஒரு கட்டத்தில், நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் மட்டுமே அளிக்கப்பட்டன. சென்னையின் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அவ்வாறு பசித்தோர் கைகளால் வெட்டப்பட்டதே. தென்னிந்தியாவில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர்.

ஸ்கடர் குடும்பத்தினர் கஞ்சித் தொட்டிகளை அமைத்துப் பசித்தவர்க்கு உணவளித்தனர். சிறுமி ஐடாவின் கையிலும் உணவு கொடுக்கப்பட்டது. எழுந்து நடக்கவும் வலுவின்றிக் கிடந்த தன் வயதுக் குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளைத் தன் கையாலேயே ஊட்டினாள் அச்சிறுமி. சாலையோரத்தில் அசைவற்றுக் கிடந்த சிற்றுடல்களையும் அவள் கண்டாள். அக்காட்சி அவள் உள்ளத்தில் இரக்கத்தை விதைத்தது. அதைவிட ஆழமாக, அந்நாட்டைவிட்டு விலகிவிட வேண்டும் என்னும் அச்சத்தையும் விதைத்தது.

பிரிவின் வடு

1878இல் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. நெப்ராஸ்கா மாநிலத்துப் பண்ணையில் அமைதியான சில ஆண்டுகள் கழிந்தன. பின்னர்த் தந்தை மட்டும் இந்தியாவுக்குத் திரும்பினார். அடுத்துத் தாயும் புறப்பட்டார். சிறுமியான ஐடா, சிகாகோவிலிருந்த உறவினர் இல்லத்தில் விடப்பட்டார். தாய் சென்ற பின் அந்த வீட்டின் வெறுமை அவரை நெடுநாள் வாட்டியது.

பிறர்க்குத் தொண்டு செய்வதற்காகப் பெற்றோர் சென்றனர். அத்தொண்டின் விலையைச் செலுத்தியவள் மகள். இதனாலேயே தம் குடும்பத்தின் மரபுவழிப் பணியை அவர் விரும்பவில்லை. மாசசூசெட்சு மாநிலத்து நார்த்பீல்டில் பெண்கள் பள்ளி ஒன்றில் கற்றபோது, இந்தியாவுக்கு ஒருபோதும் பணியாளராகச் செல்வதில்லை என்று தோழியரிடம் உறுதிபடக் கூறிவந்தார். நல்ல மணவாழ்வும் வளமான இல்லமுமே அவர் கனவுகளாக இருந்தன.

1890இல் தாய் நோயுற்ற செய்தி வந்தது. சிலகாலம் உடனிருந்து கவனித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்னும் எண்ணத்தோடு ஐடா கப்பலேறினார். பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் வாழ்ந்தனர்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

திண்டிவனத்து வீட்டில் ஓர் இரவு ஐடா விளக்கொளியில் அமர்ந்திருந்தார். வாயிலில் காலடி ஓசை கேட்டது. அந்தண இளைஞர் ஒருவர் பதற்றத்தோடு நின்றார். பிள்ளைப்பேற்றின் வேதனையில் தம் இளம் மனைவி உயிருக்குப் போராடுகிறாள் என்றும், மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள் என்றும், ஐடா வந்து காக்க வேண்டும் என்றும் வேண்டினார். தாம் மருத்துவம் அறியாதவர் என்பதை விளக்கிய ஐடா, தந்தையை அழைத்துவருவதாகக் கூறினார். இளைஞர் மறுத்துவிட்டார். அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பதை அவர் குல வழக்கம் ஏற்கவில்லை. அவர் தலைகுனிந்து இருளில் மறைந்தார்.

சிறிது நேரத்தில் மீண்டும் காலடி ஓசை. இம்முறை வந்தவர் இசுலாமியர். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக உயர்குலத்து இந்து ஒருவர் வந்தார். அவரும் அவ்வாறே திரும்பிச் சென்றார். மூவரும் வெவ்வேறு தெருவினர், வெவ்வேறு வழிபாட்டினர். ஆனால் மூவர் வீட்டிலும் பெண்ணின் உயிருக்கும் அவளைக் காக்கும் மருந்துக்கும் இடையே ஒரே சுவர் எழுந்துநின்றது.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. விடிந்ததும் இறுதி ஊர்வலத்தின் பறையொலி தெருவில் எழுந்தது. பணியாளை அனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி கிடைத்தது. அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்ட ஐடா நெடுநேரம் சிந்தித்தார். பின்னர்ப் பெற்றோரிடம் வந்து, மருத்துவம் கற்று இந்நாட்டுப் பெண்களுக்காகத் திரும்பிவரப் போவதாகத் தெரிவித்தார்.

அக்காலத்தில் பெண்கள் மருத்துவம் கற்கும் வாய்ப்பு அறவே இல்லாமல் இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. உலகின் பல நகரங்களில் அக்கதவு அடைத்திருந்த காலம் அது. ஆயினும் கற்றுவந்தோர் மிகச் சிலர். அவர்களும் பெருநகரங்களில் இருந்தனர். திண்டிவனம் போன்ற ஊர்களின் வீட்டறைகளை அவர்களால் எட்ட முடியவில்லை. நாட்டில் மருத்துவம் இருந்தது. அந்த வீட்டுக்குள் நுழையத்தக்க மருத்துவர்தாம் இல்லை.

கற்ற கல்வியும் பெற்ற கொடையும்

ஐடா அமெரிக்கா திரும்பி, 1895இல் பிலடெல்பியாவிலிருந்த பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1898இல் நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி தோன்றி, பெண்களையும் சேர்த்துக்கொண்டது. இறுதியாண்டுப் படிப்பை அங்கே தொடர்ந்து 1899இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண்களுள் அவர் ஒருவர்.

வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வீடுவீடாகச் சென்று வேண்டியும் சிறுதொகைகளே சேர்ந்தன. புறப்படும் நாள் நெருங்கியது. ஒரு மாலையில் செல்வப் பெண்மணி ஒருவர் இல்லத்தில் திண்டிவனத்து இரவைப் பற்றி அவர் எடுத்துரைத்தார். பக்கத்து அறையிலிருந்த ராபர்ட் ஷெல் என்னும் முதிய வங்கியாளர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் ஐடாவை வரவழைத்து, மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக 10,000 டாலர் வழங்கினார்.

ஒற்றை அறை மருத்துவமனை

தோழி ஆனி ஹான்காக்குடன் புறப்பட்ட ஐடா, 1900ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வேலூரை அடைந்தார். தந்தையின் வழிகாட்டலில் தொழில் பழகலாம் என்று எண்ணியிருந்தார். அவ்வாண்டின் இடையிலேயே தந்தை புற்றுநோயால் மறைந்தார். முப்பது வயதும் நிரம்பாத மருத்துவர் தனித்து நின்றார்.

தம் இல்லத்தின் சிற்றறை ஒன்றில் மருந்தகம் தொடங்கினார். அதன் நீளம் பன்னிரண்டு அடி. அகலம் பத்து அடி. தொடக்கத்தில் மக்கள் தயங்கினர். வெள்ளைக்காரப் பெண்ணின் மருந்தில் நம்பிக்கை பிறக்கச் சில நாளாயிற்று. நம்பிக்கை பிறந்ததும் கூட்டம் திண்ணையை நிறைத்தது. வீட்டுப் பணியாளர் ஒருவரின் மனைவியான சலோமி, கட்டுத்துணி மடிக்கவும் நோயாளியைத் தேற்றவும் பழகி முதல் உதவியாளரானார். செவிலியர் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தே கற்றார். இரண்டாண்டுகளில் ஐயாயிரம் நோயாளிகளுக்கு அவ்விடத்தில் மருத்துவம் அளிக்கப்பட்டது.

1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. அறுவை மேற்கொள்ளும் மருத்துவர் ஐடா ஒருவரே. பகலெல்லாம் நோயாளிகளைப் பார்ப்பார். இரவில் கடினமான பேறுகாலங்களுக்காக எழுப்பப்படுவார். அவர் வெளியூர் செல்லும் நாளில் மருத்துவமனையின் பணி குன்றும். தனியொருவரின் ஆற்றலை நம்பி ஓர் அறச்செயல் நிற்கலாகாது என்னும் தெளிவு அவருக்கு அப்போது பிறந்தது. 1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். பிறர் புண்ணைத் தொட்டுக் கழுவுவது இழிதொழில் என்று கருதப்பட்ட காலத்தில், அதைக் கற்றுத் தேரவேண்டிய கல்வியாக்கியது அப்பள்ளி.

மரநிழலில் மருத்துவம்

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களின் நிலை என்ன? நடக்க முடியாத முதியவர், ஒருநாள் கூலியை இழந்தால் பட்டினி கிடக்கும் உழவர், குழந்தையை இடுப்பிலும் சுள்ளியைத் தலையிலும் சுமக்கும் தாய் ஆகியோர் எவ்வாறு வேலூருக்கு வருவர்? ஐடா அவர்களைத் தேடிச் சென்றார். வேலூரிலிருந்து லத்தேரி, கே.வி. குப்பம் வழியாகக் குடியாத்தம் செல்லும் சாலையில் வாரந்தோறும் மருந்துப்பெட்டியோடு பயணம் மேற்கொண்டார். முதலில் மாட்டுவண்டி. பின்னர்ப் பிரான்சு நாட்டில் செய்யப்பட்ட சிறிய மோட்டார் வண்டி வந்தது. அதைக் கண்டு பேய் வருகிறதென்று அஞ்சிச் சிலர் வயலுக்குள் ஓடினர் என்பர்.

அச்சம் நெடுநாள் நீடிக்கவில்லை. வண்டி நிற்கும் மரத்தடிகளில் விடியும் முன்பே மக்கள் காத்திருந்தனர். கண்நோய், புண், காய்ச்சல், தொழுநோய் எனப் பலவகைத் துயரும் அந்நிழலில் வந்து சேர்ந்தன. புண்ணைக் கழுவிக் கட்டுவதும் மருந்து அளிப்பதும் பல்லைப் பிடுங்குவதும் சாலையோரத்திலேயே நடந்தன. எந்தச் சாதியினர், எந்தச் சமயத்தினர் என்னும் வினா அங்கு எழவில்லை. அனைவரும் ஒரே நிழலில் காத்திருந்தனர். ஊர்நோக்கி மருத்துவம் செல்லுதல் என்று இன்று பேசப்படும் கருத்தை, அதற்கெனத் திட்டமும் பெயரும் வருமுன்பே அச்சாலை கண்டது.

பதினான்கு பெண்கள்

பயிற்சி பெற்ற செவிலியர் பெருகினும் மருத்துவர் பற்றாக்குறை நீங்கவில்லை. இந்நாட்டுப் பெண்களே மருத்துவராக வேண்டும். அதற்கென ஒரு பள்ளி வேண்டும் என்று ஐடா முடிவு செய்தார். அரசு அதிகாரிகள் ஐயுற்றனர். சேர்வதற்கு மூவர்கூட வரமாட்டார்கள் என்று கருதினர். 150க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 1918 ஆகஸ்டு 12ஆம் நாள், சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லாண்டு பிரபு மகளிர் மருத்துவப் பள்ளியைத் திறந்துவைத்தார். பதினேழு பெண்கள் சேர்க்கப்பட்டனர்.

பள்ளிக்கு உரிய கட்டடமில்லை. வாடகை இடத்தில் வகுப்புகள் நடந்தன. கருவிகளும் நூல்களும் மிகச் சிலவே. உடற்கூற்றியலை ஐடாவே கற்பித்தார். ஆண்டிறுதியில் மாகாணம் முழுவதற்குமான பொதுத்தேர்வு வந்தது. ஆண்களே ஐவரில் ஒருவர்தாம் தேறுகின்றனர். ஆதலால் பெண்கள் தோற்றால் மனந்தளர வேண்டா என்று அதிகாரிகள் முன்கூட்டியே ஆறுதல் கூறியிருந்தனர். முடிவு வந்தபோது வேலூரிலிருந்து தேர்வெழுதிய பதினான்கு பெண்களும் தேறியிருந்தனர். நால்வர் முதல் வகுப்பில் தேறினர். ஐடா அளித்த வாய்ப்பை உண்மையாக்கியவர்கள் அப்பதினான்கு பெண்களே. வீட்டாரின் எதிர்ப்பையும் ஊராரின் ஏளனத்தையும் கடந்து, விளக்கடியில் எலும்புகளின் பெயர்களை மனத்தில் நிறுத்திய அவர்களின் உழைப்பு இவ்வரலாற்றின் பாதி.

பள்ளி வளர நிதி வேண்டியிருந்தது. லூசி பீபாடி என்னும் அமெரிக்கப் பெண்மணி, ஆசியாவின் ஏழு மகளிர் கல்லூரிகளுக்காகப் பெருந்தொகை திரட்டும் இயக்கத்தை நடத்தினார். அமெரிக்கப் பெண்கள் சிறுகச்சிறுகச் சேர்த்தளித்த தொகையும் ராக்பெல்லர் குடும்ப அறக்கொடையும் இணைந்தன. வேலூர்ப் பள்ளியும் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியும் அவற்றால் பயன்பெற்றன. 1920களில் தோட்டப்பாளையத்தில் பெரிய மருத்துவமனை எழுந்தது. பாகாயத்தில் பள்ளிக்குரிய வளாகம் உருவாயிற்று.

விட்டுக்கொடுத்தலின் வலி

1930களின் இறுதியில் பெருஞ்சோதனை வந்தது. சென்னை மாகாண அரசு மருத்துவக் கல்வியின் தரத்தை உயர்த்த விரும்பியது. பட்டயப்படிப்பு நடத்தும் பள்ளிகள் இனிப் புதிய மாணவரைச் சேர்க்கலாகாது. பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரிகளே மருத்துவரை உருவாக்கலாம் என்று முடிவாயிற்று. அம்முடிவு தவறானதன்று, நோயாளிக்குச் சிறந்த மருத்துவர் வேண்டும் என்பதில் ஐடாவுக்கும் ஐயமில்லை. எனினும் கல்லூரியாக உயர்வதற்குக் கூடுதல் படுக்கைகளும் ஆய்வகங்களும் பேராசிரியர்களும் தேவை. அதற்கான பணம் இல்லை. அவ்வேளையில் உலகப்போரும் மூண்டது.

எழுபது வயதைக் கடந்த ஐடா 1941இல் மீண்டும் அமெரிக்கா சென்று ஊர்ஊராக உதவி வேண்டினார். அங்கே அவரைக் கடினமான வினா ஒன்று எதிர்கொண்டது. ஆண்களுக்கும் இடமளிக்கும் பொதுக்கல்லூரியாக அதை மாற்றினால் பல சமய அமைப்புகள் துணைநிற்க முன்வந்தன. பெண்களுக்கெனப் பெண்கள் அளித்த பொருளை அவ்வாறு மாற்றுவது நம்பிக்கை பிறழ்தல் ஆகும் என்று லூசி பீபாடி கடுமையாக எதிர்த்தார். அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. அக்கல்லூரி எழுவதற்குக் காரணமே பெண்களுக்கு வேறு வழியில்லாமையன்றோ! நெடுநாள் தோழியின் மனம் நோகும் என்பதை அறிந்தும், தயங்கித் தயங்கி ஐடா ஒரு முடிவுக்கு வந்தார். பெண்களுக்கு மட்டுமானது என்னும் பெயரோடு மூடப்படுவதைவிட, அனைவர்க்கும் பொதுவாகி நிலைப்பதே பெண்களுக்கும் நன்மை என்று தேர்ந்தார். நட்பில் விரிசல் விழுந்தது, கல்லூரி பிழைத்தது.

1942இல் பட்டப்படிப்புக்குரிய இசைவு கிடைத்தது. 1947இல், நாடு விடுதலை பெற்ற ஆண்டில், ஆண் மாணவர் முதன்முறையாகச் சேர்ந்தனர். ஐடாவுக்குப் பின் விசாகப்பட்டினத்தில் பிறந்தவரும் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவருமான ஹில்டா லாசரசு தலைமைப் பொறுப்பேற்றார். நிறுவியவர் தம் வாழ்நாளிலேயே தலைமையை ஓர் இந்தியப் பெண்ணிடம் கண்டது, அவர் பணியின் நோக்கம் நிறைவேறியதற்குச் சான்று.

ஓய்வுக்குப் பின் ஐடா கொடைக்கானலில் வாழ்ந்தார். இளமை முதல் விரும்பிய டென்னிசு விளையாட்டை முதுமையிலும் விட்டாரில்லை. ஊரும் தெருவும் குறிக்காமல், அவர் பெயரும் இந்தியா என்னும் சொல்லும் மட்டுமே எழுதப்பட்ட கடிதம் ஒன்று அவரிடம் சரியாக வந்துசேர்ந்தது என்று கூறுவர். 1960 மே திங்களில், தம் 89ஆம் வயதில், கொடைக்கானலில் அவர் மறைந்தார். மணம் செய்துகொள்ளாத அவருக்கு வேலூரே குடும்பமாக இருந்தது.

தாள்களில் இருப்பதும் இல்லாததும்

ஐடாவின் தனிப்பட்ட தாள்கள் இன்று அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சுலெசிஞ்சர் நூலகத்தில் காக்கப்படுகின்றன. பெண்களின் வரலாற்றுக்கென அமைந்த நூலகம் அது. கடிதங்களும் நாட்குறிப்புகளும் நிழற்படங்களும் அத்தொகுப்பில் உள்ளன. அவற்றுள் சில, ஐடா பிறப்பதற்கு முந்திய குடும்பத்தாள்கள்.

கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்த கடிதங்கள் ஸ்கடர் குடும்பத்தின் உயிர்நூலாக இருந்தன. பெற்றோர் ஒரு கண்டத்திலும் பிள்ளைகள் மற்றொரு கண்டத்திலும் வாழ்ந்த வீடு அது. அன்பும் கவலையும் நலவுசாவலும் தாளின் வழியேதான் நிகழ்ந்தன. கடிதம் எழுதத் தெரிந்தவர்களும் அதைப் பாதுகாக்க வசதி உள்ளவர்களும் வரலாற்றில் நிலைக்கின்றனர். அதனால் ஐடாவின் வாழ்வைத் தேதியோடு அறிய முடிகிறது.

திண்டிவனத்தில் அன்றிரவு இறந்த மூன்று பெண்களோ எந்தத் தாளையும் விட்டுச்செல்லவில்லை. இவ்வரலாறு எடுத்துரைக்கப்படும் இடங்களிலெல்லாம் அவர்கள் இன்னாரின் மனைவி என்றே குறிக்கப்படுகின்றனர். அவர்கள் பெயர் என்ன, எவற்றைக் கண்டு சிரித்தனர், பிறக்கவிருந்த குழந்தைக்கு என்ன பெயர் எண்ணியிருந்தனர் என்பவற்றைச் சொல்வார் இல்லை. ஆயினும் அவர்களின் இறப்பு ஓர் இளம்பெண்ணின் வாழ்வைத் திருப்பியது. அவ்வாழ்வு ஒரு மருத்துவமனையாயிற்று. அம்மருத்துவமனை எண்ணற்ற தாய்மாரைப் பிழைப்பித்தது. எழுதப்படாத அம்மூவர் வரலாறும் வேலூரின் ஒவ்வொரு பேறுகால அறையிலும் தொடர்கிறது.

மருத்துவமனைக்கு வரும் பெண்ணிடம் முதலில் கேட்கப்படுவது அவளுடைய பெயர். அது பதிவேட்டில் எழுதப்படுகிறது. வயது, ஊர், நோயின் தன்மை ஆகியன அடுத்தடுத்து எழுதப்படுகின்றன. இன்னாரின் மனைவி என்பதோடு நில்லாமல், தனக்கெனப் பெயரும் வலியும் உடைய ஓர் உயிராக அவள் அங்கே ஏற்கப்படுகிறாள். திண்டிவனத்தில் அன்று மறுக்கப்பட்டது இதுவே.

திருப்பெரும்புதூர் நெடுஞ்சாலையில் இன்று விரையும் பேருந்துகளில் வேலைக்குச் செல்லும் பெண்களும் கல்லூரிக்குச் செல்லும் பெண்களும் நிறைந்துள்ளனர். மருத்துவராக வேண்டும் என்று எண்ணும் மாணவியை வியப்போடு நோக்குவார் இன்று இல்லை. ஒரு காலத்தில் அவ்வெண்ணமே அரிதாக இருந்தது. அரியதை இயல்பாக்குவதற்கு ஒருவர் கதவைத் தட்டினார். ஒருவர் அதைத் திறந்தார். பதினான்கு பேர் அதன் வழியே முதலில் நடந்தனர். அந்தக் கதவு மீண்டும் மூடாமல் காப்பது அடுத்து வருவோர் கடன்.